வெந்த பிறகு பறந்த வாத்து

சட்டியில் வெந்து, தட்டில் விழுந்து, எலும்புவரை சப்பித் தின்னப்பட்ட ஒரு வாத்து அதற்குப் பிறகும் பதினோரு நாள் எங்கள் ஊர் வானத்தில் பறந்தது. பன்னிரண்டாம் நாள் அதை நான் இந்தக் கையால் பிடித்தேன்.

சிரித்து முடித்தாயிற்றா? நல்லது. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் ஹாமித் ஷர்னூபி. மன்ஸாலா ஏரிக் காவல்படையில் முப்பத்தெட்டு வருடம் சார்ஜன்ட். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் ஊர் என்னை 'ஷாவீஷ்' என்றுதான் கூப்பிடுகிறது. சார்ஜன்ட்டுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. பணியில் இருந்தபோது பனிமூட்டத்தில் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஏழு கள்ளப் படகுகளை மடக்கியிருக்கிறேன். இரண்டுதான் என்பான் என் கையாள் பஸ்யூனி. ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு ஏரியைப் பற்றி என்ன தெரியும்?

ஜனவரி இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை. நானும் பஸ்யூனியும் காப்பிக்கடை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். கவ்கப் வந்தாள். வந்தாள் என்பது தவறு, இடித்துக்கொண்டு நுழைந்தாள். கக்கத்தில் ஒரு வெள்ளை வாத்து.

"ஷாவீஷ்! படகைப் புடிச்சேன், படையைப் புடிச்சேன்னு வருஷக்கணக்கா அளக்குறீங்களே, இப்ப ஒரு வாத்தைப் புடிச்சுக் குடுங்க பார்ப்போம்!"

பஸ்யூனி அவள் கக்கத்தைப் பார்த்தான். "கையிலயே வச்சிருக்கியே அக்கா. மூஞ்சியப் பார்த்தா குத்தத்தை ஒத்துக்குற மாதிரிதான் இருக்கு."

"இது என் புள்ளைடா! நான் சொல்றது காட்டு வாத்து. தினம் என் மாடிக்கு வந்து போகுதாம். பறவைக் காய்ச்சலைத் தூக்கிட்டு வருதாம். கெய்ரோலேருந்து வந்த டாக்டரம்மா சொல்லுது. கதவுல சிவப்பு மையால கோடு போட்டுட்டாங்க. இன்னிக்குச் சூரியன் மறைஞ்சதும் என் முப்பத்தாறு வாத்தையும் கொன்னு புதைக்கப் போறாங்க."

கவ்கப்பின் மகள் ஷுரூக்குக்கு வியாழக்கிழமை கல்யாணம். தும்யாத் பக்கத்தில் பெண்ணின் தாய் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் விருந்துத் தாம்பாளத்தில் வாத்து இல்லையென்றால், அந்தப் பெண் பேரன் எடுத்த பிறகும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கவ்கப் கோடையிலிருந்து தன் வாய்க்குப் போட்டதில் பாதியை அந்த வாத்துகளுக்குப் போட்டு வளர்த்தவள்.

"எந்திரிடா பஸ்யூனி" என்றேன்.

"ஷாவீஷ், வாத்துக்கு விலங்கு மாட்டணும்னா காலுக்கா, சிறகுக்கா?"

*

டாக்டர் நிஹாலுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கால்நடை நிலையத்துப் பின்னறையில் ஒரு கணினி, ஒரு ஹீட்டர், ஆறிப்போன தேநீர். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து எங்கள் ஏரிக்கு வந்து இறங்கும் வாத்துகளின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை மாட்டிவிடுவது அவர் வேலை. வெயிலில் சார்ஜ் ஆகும் கருவி. பறவை எங்கே போகிறது என்று புள்ளி வைத்துச் சொல்லிக்கொண்டே இருக்கும். காய்ச்சல் எந்த வழியாக வரக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கோழியும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான். நல்ல வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இதுதான் நாற்பத்தேழாம் நம்பர்" என்று எனக்கும் பஸ்யூனிக்கும் கவ்கப்புக்கும் திரையைக் காட்டினார். "கிளுவை. சின்ன ஜாதி. மூணாம் தேதி ஏரியில மாட்டி விட்டோம். அன்னிக்கு எடுத்த சோதனையில சீக்கு இல்லை. ஒன்பதாம் தேதியிலேருந்து இந்த அம்மா தெருவுலயே தங்குது. தினம் கிளம்பி, வடக்க கோழிங்க செத்துச்சே, அந்தப் பண்ணைக்கு மேல போயிட்டு, திரும்ப இவங்க மாடிக்கே வருது. அங்க காய்ச்சல் உறுதியாயிடுச்சு. நான் என்ன பண்றது சொல்லுங்க?"

"ஏரியில எத்தனை தடவை இறங்குச்சு?"

அவர் கணினிச் சுட்டியை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். "ஒரு தடவையும் இல்லை."

"பதினோரு நாளா தண்ணியில கால் வைக்கலையா?" என்றான் பஸ்யூனி. "அப்ப அது வாத்தே இல்லை டாக்டரம்மா. என் மச்சினன்."

"எப்பப் பறக்குது?" என்றேன்.

"மூணரைக்கு. நாற்பது நிமிஷம். வட்டம் வட்டமா."

என் மீசை தானாகவே முறுக்கிக்கொண்டது. கிளுவை பகலெல்லாம் தண்ணீரில் மிதந்து தூங்கும். இருட்டத் தொடங்கினால்தான் வயலுக்கு இரை தேடிக் கிளம்பும். எங்கே போனாலும் நேராகப் போகும். குமாஸ்தாவைப் போல மணி பார்த்துக் கிளம்பி, செக்கு மாடு மாதிரி சுற்றிவிட்டு வீடு திரும்பும் கிளுவையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. லட்சம் கிளுவையாவது பார்த்திருப்பேன்.

"ஒரு நாளாவது நேரம் தப்புச்சா?"

"போன வெள்ளிக்கிழமை மட்டும். அஞ்சு மணிவரைக்கும் அசையவே இல்லை. அப்புறம் அவசரமா ஒரு சுத்து."

பஸ்யூனி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "மேட்ச்!"

"என்ன?"

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேட்ச் டாக்டரம்மா! கெய்ரோ அணி ரெண்டும் மோதுச்சு. ஊரே டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. அஞ்சுக்குத்தான் முடிஞ்சுது. வாத்தும் பார்த்திருக்கு!"

"வாத்து பார்க்கலைடா" என்றேன். "வாத்துக்கு ஒரு முதலாளி இருக்கான். அவன் பார்த்திருக்கான். டாக்டர், ராத்திரி அது எவ்வளவு உயரத்துல தங்குது?"

"இருபத்திமூணு மீட்டர்னு காட்டுது. உயரம் சில நேரம் தப்பாத்தான் காட்டும். இடமும் பத்து இருபது மீட்டர் தள்ளிப் போகும். அந்த வட்டத்துக்குள்ள வாத்து இருக்குறது இவங்க மாடியிலதான். வாத்து வாத்தைத்தானே தேடி வரும்?"

நான் எழுந்து நின்றேன். "டாக்டர், உங்க நாற்பத்தேழு செத்துப்போச்சு. ஒன்பதாம் தேதியே தின்னாச்சு."

"அப்ப தினம் பறக்குறது?"

"அதைத்தான் புடிச்சுட்டு வரப் போறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஷாவீஷ், உங்களைப் பத்தி ஊர்ல சொன்னாங்க. செத்த வாத்து பறக்குதுன்னு கெய்ரோவுக்கு நான் எழுத முடியாது. என் கண்ணு பார்க்கணும். சூரியன் மறையுறவரைக்கும் நேரம்."

*

கவ்கப்பின் வீடு மூன்று மாடி. மொட்டை மாடியிலிருந்து தெருவுக்குக் கயிறு விட்டு, பஸ்யூனியின் முழங்கையால் அளந்தோம். பதினோரு மீட்டர். முப்பத்தாறு வாத்தும் எங்களைச் சுற்றி நின்று ஒரே குரலில் வழக்காடின.

"இருபத்திமூணு மீட்டர்னா, இன்னும் இதே அளவுக்கு மேல" என்று நான் அண்ணாந்து பார்த்தேன்.

இரண்டு வீடு தள்ளி, நீலமும் பொன்னும் பூசிய ஒரு மரக் கோபுரம் வானத்தைக் குத்திக்கொண்டிருந்தது. உவைஸின் புறாக் கோபுரம். உவைஸ் கட்டில் செய்கிற தச்சன். விற்காமல் மீந்த கட்டில் தலைப்பலகைகள், அலமாரிக் கதவுகள் எல்லாவற்றையும் மேலே அடுக்கி, அறுபது புறாவுக்கு ஒரு ராஜமாளிகை கட்டியிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சுல்தானின் படுக்கையறை மாடிக்கு ஓடிவந்துவிட்டது போலிருக்கும்.

"கவ்கப், ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. உவைஸ் வீட்டுல என்ன சமையல்?"

"எனக்கு எப்படித் தெரியும்? புறாக்காரன் வீட்டுல எப்பவும் அவரைப் பருப்புதான்." பிறகு அவள் கண் விரிந்தது. "இருங்க. அவன் பொண்டாட்டி அன்னிக்குக் காலையில வந்து ரெண்டு பிடி உலர்ந்த திராட்சை கேட்டா. வெங்காயம் வதக்குற வாசனை தெருவையே தூக்குச்சு."

பஸ்யூனி விரலால் சொடக்கு போட்டான். வெங்காயமும் உலர்ந்த திராட்சையும் சேர்த்து வதக்கினால் அது போகிற இடம் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான்: வாத்தின் வயிறு.

உவைஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். தோளில் மரத்தூள்.

"என் வீட்டுல வாத்தா? நான் புறாக்காரன் ஷாவீஷ். வாத்துன்னா எனக்குத் தட்டுல மட்டும்தான் பழக்கம்."

"கடைசியா எப்பப் பழகுன?"

அவன் காது சிவந்தது. "ஞாபகமில்லை."

"ஒரு நிமிஷம் கோபுரத்துல ஏறிப் பார்த்துட்டு இறங்கிடுறோம்."

"அந்நியன் ஏறினா முட்டை பொரிக்காது. நீதிபதியே வந்தாலும் கையில உத்தரவுத் தாள் இருக்கணும்." கதவு மூடியது.

"தாளுக்கு நாளைக்கு ஆகும்" என்றான் பஸ்யூனி. "நாளைக்கு அக்கா வாத்தெல்லாம் மண்ணுக்குள்ள இருக்கும்."

"நாம ஏன் ஏறணும்? அவனே அனுப்பட்டும். மூணரைக்கு எவன் மானம் போனாலும் அவன் புறா பறந்தாகணும். பறந்தா உன் மாடிக்கு இறக்குவோம்."

பஸ்யூனியின் முகத்திலிருந்து சிரிப்பு முதல்முறையாகக் காணாமல் போனது. "என் மாடிக்கா? என் புறாவுங்களை வச்சா?"

புறாக்காரர்களின் சட்டம் எளிமையானது. வானத்தில் கூட்டங்கள் கலக்கும், பிரியும். கலந்த பறவை எவன் மாடியில் இறங்குகிறதோ, அது அவனுக்கு. திருப்பிக் கேட்பவன் ஆண்பிள்ளை இல்லை. இந்தச் சட்டத்தின்படி ஆறு வருடமாகப் பஸ்யூனி இழந்த புறாக்களை வைத்து ஒரு சின்ன நாடு நடத்தலாம். பிடித்தது ஒன்றுமில்லை. கையிருப்பு பத்தொன்பது.

*

மூன்றரை மணிக்குப் பஸ்யூனியின் மாடியில் நாலு பேர் நின்றோம். நான், அவன், கவ்கப், டாக்டர் நிஹால். டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் போல நின்றார். கீழே தெருவில் ஒரு லாரி. வெள்ளை உடுப்புக்காரர்கள் நாலு பேர் அதில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கவ்கப் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எதிரே கோபுரத்தில் உவைஸின் கொடி ஆடியது. அறுபது புறாவும் கைதட்டல் போலச் சிறகடித்து எழுந்தன. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். டாக்டரின் கைப்பேசியில் நாற்பத்தேழாம் புள்ளி நகர ஆரம்பித்தது. அவர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

"விடுடா" என்றேன்.

பஸ்யூனி கூண்டைத் திறந்து கொடியைச் சுழற்றினான். அவனுடைய பத்தொன்பதும் தூக்கம் கலைந்த பள்ளிப்பிள்ளைகள் மாதிரி எழுந்து போய் அறுபதோடு கலந்தன. எழுபத்தொன்பது புறா ஒரே வீச்சாகத் திரும்பியபோது வெயில் வெள்ளிப் பாளமாகச் சரிந்தது. கோபுரத்திலிருந்து உவைஸின் சீழ்க்கை கேட்டது. மொத்தக் கூட்டமும் சாய்ந்து, வளைந்து, சுல்தானின் படுக்கையறையில் போய் இறங்கியது.

மொத்தமும். பஸ்யூனியுடையதும் சேர்த்து.

பஸ்யூனி தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு. எல்லாம் போச்சு. ஷாவீஷ், உங்க பேச்சைக் கேட்டதுக்கு எங்கிட்ட இப்ப கொடி மட்டும்தான் மிச்சம்."

கீழே லாரியின் பின்கதவைத் திறக்கும் சத்தம். கவ்கப் முக்காட்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டாள். டாக்டர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஷாவீஷ், வருத்தமாத்தான் இருக்கு…"

"பேசாதீங்க" என்றேன். "அங்க பாருங்க."

வானம் காலியாக இல்லை. இரண்டு புறாக்கள் மிச்சம். முன்னால் வந்தது பஸ்யூனியின் கிழட்டுப் பெட்டை. ஒரு கால் நொண்டி, கூட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் எப்போதும் பின்தங்கிவிடுவாள். அவளுக்குப் பின்னால், மார்பை நிமிர்த்திக்கொண்டு, கரிய சேவல் ஒன்று. அதன் முதுகில் ஒரு சின்னத் திமில்.

"சீமாட்டி!" என்று பஸ்யூனி குழைந்தான். "என் ராணி! வா தாயி, வா… வீட்டுக்கு வரும்போது விருந்தாளியையும் கூட்டிட்டு வா…"

பெட்டை கைப்பிடிச் சுவரில் தொப்பென்று உட்கார்ந்தது. சேவல் ஒரு சுற்று சுற்றியது. எதிர்க் கோபுரத்தில் உவைஸ் தொண்டை கிழியச் சீழ்க்கையடித்தான். சேவல் தயங்கியது. இன்னொரு சுற்று. பெட்டை கழுத்தைச் சாய்த்துத் தன் இறகைக் கோதிக்கொண்டது, அவ்வளவுதான் செய்தது. சேவல் இறங்கியது.

நான் பாய்ந்தேன். மூன்று மீட்டர் தூரம், அறுபத்தொன்பது வயதில், சிறுத்தையைப் போல. தடுக்கி விழுந்தார் என்பான் பஸ்யூனி. விழுந்திருந்தாலும் பறவை என் கையில் இருந்தது அல்லவா?

டாக்டர் முதுகு இறகை விலக்கினார். கருவியின் சின்னச் சூரியப் பலகை வெயிலில் மினுங்கியது. ஓரத்தில் பொறித்த எண்ணை விரலால் தடவினார். நான்கு. ஏழு.

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அதற்குள் படியில் தடதடவென்று ஓசை. உவைஸ் மூச்சிரைக்க வந்து நின்றான். சேவலைப் பார்த்தான். கேட்க முடியாது, சட்டம் தடுக்கிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"சொல்லு உவைஸ்" என்றேன். "வாத்தைத் தின்ன. சரி. இதை ஏன் புறா முதுகுல மாட்டுன?"

"சந்தையில வாங்குன கிளுவை" என்றான் தரையைப் பார்த்து. "இறகு பிடுங்குறப்ப முதுகுல இது இருந்துச்சு. யோசிச்சுப் பார்த்தேன். அந்த வாத்து எங்கேயோ பனிக்காட்டுலேருந்து, இத்தனை நாடு தாண்டி, வழி தப்பாம நம்ம ஏரிக்கு வந்து சேர்ந்திருக்கு. அப்ப வழி சொன்னது இந்தப் பொட்டிதானே? என் கருஞ்சேவலுக்கு மாட்டுனா, எவன் பெட்டையைக் காட்டி மயக்கினாலும் நேரா என் வீட்டுக்கு வந்துடுவான்னு நினைச்சேன். பதினோரு நாள் வந்தான் டாக்டரம்மா! சத்தியமா வந்தான்!"



"ஐயா," என்றார் டாக்டர் மெதுவாக, "வாத்து இங்க வந்து சேர்ந்த பிறகுதான் நாங்க அந்தப் பொட்டியை மாட்டினோம்."

உவைஸ் சேவலையும் பொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மனசைத் தேத்திக்க உவைஸ்" என்றான் பஸ்யூனி, நொண்டிப் பெட்டையைத் தோளில் ஏற்றியபடி. "பொட்டி நல்ல பொட்டிதான். என் கிழவியைப் பார்த்ததும் அதுக்கும் வழி மறந்துபோச்சு."

டாக்டர் கைப்பேசியைத் துழாவிக்கொண்டிருந்தார். "அந்தப் பண்ணையில உங்க புறா இறங்குமா?"

உவைஸ் நிமிர்ந்தான். அடிபட்ட மானத்தில் மிச்சமிருந்தது எல்லாம் எழுந்து நின்றது. "என் புறா அடுத்தவன் மண்ணுல கால் வைக்குமா? இன்னிக்குத் தவிர!"

திரையும் அதையே சொன்னது. பண்ணைக்கு மேல் தொண்ணூறு மீட்டருக்குக் கீழே அந்தப் புள்ளி ஒருநாளும் இறங்கவில்லை. டாக்டர் சுவரோரம் போய் லாரியை நோக்கிக் கையை ஆட்டினார். "போங்க! இன்னிக்கு வேலை இல்லை!" பிறகு கவ்கப்பிடம் வந்தார். "அம்மா, முப்பத்தாறுக்கும் தொண்டையில மாதிரி எடுக்கணும். கருஞ்சேவலுக்கும் சேர்த்து. முடிவு வர்ற வரைக்கும் ஒண்ணும் மாடியை விட்டு இறங்கக் கூடாது."

கவ்கப் அழுதுகொண்டே அவர் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. புகார் இல்லை.

புதன்கிழமை மாலை முடிவு வந்தது. ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை. பண்ணைக்காரர் சந்தையிலிருந்து கழுவாத கூண்டுகளை லாரியோடு உள்ளே விட்டிருந்ததையும் டாக்டர் அன்றே கண்டுபிடித்தார். அங்கே வந்த சீக்குக்குச் சிறகு இல்லை, சக்கரம் இருந்தது.

வியாழன் மதியம் கவ்கப்பின் மாடியில் விருந்து. தாம்பாளங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. உவைஸ் பஸ்யூனியின் பதினெட்டையும் தன் கூண்டிலேயே வைத்துக்கொண்டு, மணமக்களுக்கு ஒரு கட்டில் தலைப்பலகை கொண்டுவந்திருந்தான். டாக்டர் நிஹால் வாத்துக் காலொன்றை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எண்ணெய் விரலால் அழுத்த, குரல் எல்லோருக்கும் கேட்டது. கெய்ரோவிலிருந்து அவருடைய பெரிய அதிகாரி.

"டாக்டர் நிஹால், உங்க அறிக்கை என் கையில இருக்கு. நாற்பத்தேழாம் பறவை ஒன்பதாம் தேதி சமைச்சு சாப்பிட்டாச்சுன்னு எழுதியிருக்கீங்க. அடுத்த வரியில இருபதாம் தேதிவரைக்கும் பறந்துச்சுன்னு இருக்கு. தட்டச்சுப் பிழையா?"

மாடியில் மெல்லும் சத்தம் நின்றது. நான் மீசையைத் தடவிக்கொண்டு அவரையே பார்த்தேன்.

டாக்டர் வாயிலிருந்ததை விழுங்கினார்.

"பிழை இல்லை சார்" என்றார். "வெந்த பிறகுதான் பறந்துச்சு. நானும் முதல்ல நம்பலை. ஆனா நடந்துச்சு சார். நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன்."